கூப்பிடு தூரத்தில் ஒரு வேலை: வீட்டிலிருந்த தாய் ஒருவர் தற்காலிகக் கணித ஆசிரியராக வந்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

விழுப்புரம் மாவட்டத்தில், ஓர் ஊராட்சியின் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2022 ஜூலை முதல் 2023 டிசம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அக்காலத்தில் அப்பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு, தவறானவை உட்பட, நானே பொறுப்பு. ஊர், ஆட்கள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

2022 தொடக்கத்தில் நடந்த பொது மாறுதல் கலந்தாய்வில் எங்கள் கணிதப் பட்டதாரி ஆசிரியருக்குச் சொந்த ஊர்ப்பக்கம் இடம் கிடைத்தது. அவர் போன பிறகு ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்கை அறிவியல் ஆசிரியர் ஒருவர் சமாளித்துக்கொண்டார். எட்டும் ஒன்பதும் பத்தும் ஆளின்றி நின்றன. ஜூன் மாதம் முழுவதும் பத்தாம் வகுப்புக்கு நானே கணக்கு எடுத்தேன். ஆனால் கூட்டம், கோப்பு, வட்டார அலுவலகம் என்று வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை விட்டுவிட வேண்டியிருந்தது.

அந்த நிலையில்தான், காலியாக இருந்த 13,331 பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. இவற்றில் 4,989 இடைநிலை ஆசிரியர் இடங்கள், 5,154 பட்டதாரி ஆசிரியர் இடங்கள், 3,188 முதுநிலை ஆசிரியர் இடங்கள். மாதத் தொகை முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். நியமன முறையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் நடந்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் மாலையில் வீட்டருகே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை என்ற வழிகாட்டுதலோடு எங்கள் பள்ளியில் ஜூலை இறுதியில் ஆள் எடுத்தோம்.

பத்தாயிரம் ரூபாய்க்கு, அதுவும் ஏப்ரலோடு முடிந்துவிடும் வேலைக்கு, கணிதம் படித்து பி.எட். முடித்த ஓர் இளைஞர் திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பேருந்தில் வந்து போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரக்கூடியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, திருமணமாகிப் பிள்ளைகளோடு வீட்டிலிருக்கும் பெண்கள் இல்லாத ஊர் இந்த மாவட்டத்தில் அரிது.

அவர் வந்த வழி

விண்ணப்பித்த மூவரில் ஒருவரைப் பற்றியதே இந்த ஆய்வு. வயது 34. இளநிலை கணிதமும் பி.எட்.டும் முடித்தவர். 2013 ஆகஸ்டில் நடந்த தகுதித் தேர்வில், பட்டதாரி ஆசிரியருக்கான இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றிருந்தார். அப்போது அச்சான்றிதழுக்கு ஏழு ஆண்டுகள்தான் ஆயுள் என்பதால், பிள்ளை வளர்ப்பில் இருந்த காலத்திலேயே அது காலாவதியாயிற்று. 2021-இல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று விதி மாறியபோது மீண்டும் உயிர் பெற்றது. ஆனால் 2018-இல் வந்த அரசாணை 149, தகுதித் தேர்வில் தேர்ந்தவர்களும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தது. சான்றிதழ் கையில் இருந்தும் வேலைக்கான வழி அடைபட்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர்.

கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். வார விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருவார். மூத்த பெண் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இளையவனுக்கு மூன்று வயது. உடன் இருந்த மாமியாருக்கு மூட்டு வலி; அடுப்படி வேலை பார்ப்பார், பிள்ளையின் பின்னால் ஓட முடியாது.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று எங்கள் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் இவரும் தன் வீட்டுத் திண்ணையில் ஒரு மையம் நடத்த ஆரம்பித்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒருநாள் அவ்வழியே போனபோது பார்த்தேன். மடியில் இளையவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் எழுந்திருக்க முடியாததால், ஒரு சிறுமி கரும்பலகையில் நின்று அவர் சொல்லச் சொல்லப் பின்னங்களை எழுதிக்கொண்டிருந்தாள். வேலைக்காக வீட்டை அவர் ஒதுக்கவில்லை; வீட்டுக்குள்ளேயே வேலைக்கு இடம் செய்திருந்தார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வகுப்பு அரை மணி தள்ளிப்போகும், யாரும் கேட்க மாட்டார்கள். இந்தத் தாராளம் பள்ளி வேலைக்கு இல்லை என்பதை அவரும் நானும் அப்போதே பேசியிருக்க வேண்டும். இருவரும் பேசவில்லை.

நேர்காணல்

பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழுவின் முன்னிலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரை உட்காரவைத்து, மூவரையும் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னோம். இவர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துதலை எடுத்தார். எடுத்தவுடன் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது, அழுத்திப் பிடித்திருந்தார். குனிந்து பெரிய துண்டை எடுத்துக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்து, "பெருக்கினா பன்னெண்டு வரணும், கூட்டினா ஏழு வரணும், யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன் "மூணும் நாலும்" என்றான். குழுத் தலைவியான அம்மையார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது.

மற்றொரு விண்ணப்பதாரருக்குத் தனியார் பள்ளியில் ஓராண்டு அனுபவம் இருந்தது, ஆனால் தகுதித் தேர்வில் தேர்ச்சி இல்லை. 18 கிலோமீட்டர் தள்ளியிருந்து வர வேண்டும். ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று இவரிடம் கேட்டபோது, "கூப்பிடு தூரத்துல பள்ளிக்கூடம் சார். சின்னவன் அங்கன்வாடியிலே இருப்பான், அழுதா எனக்கே கேக்கும்" என்றார். அங்கன்வாடி எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், தொடக்கப் பள்ளி வளாகத்தில் இருந்தது. சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் எந்த நாளில் பணம் வரும், வராத நாளுக்கு என்ன ஆகும், மாலைச் சிறப்பு வகுப்பு உண்டா என்று எதையும் சொல்லவில்லை. பள்ளியில் சேர்ந்ததால் திண்ணை மையத்தை அடுத்த தெருப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தார்.

முதல் மூன்று மாதங்களில் கண்டவை

கற்பித்தலில் அவர் தடுமாறியது சில வாரங்கள்தான். அவர் பி.எட். படித்தபோது இருந்த பத்தாம் வகுப்புப் புத்தகம் இப்போது இல்லை. 2019-இல் வந்த புதிய புத்தகத்தில் பயிற்சிக் கணக்குகள் கூடுதல், கேட்கும் முறையும் வேறு. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மறுநாள் பாடத்தின் ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். அந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். தவறிய படிகளை அடிக்காமல், பக்கத்தில் "இங்கேதான் பிள்ளைகளும் தவறுவார்கள்" என்று குறித்து வைத்திருந்தார்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எந்தப் பள்ளியிலும் காலை மணி அடித்ததும் உதவித் தலைமை ஆசிரியர் செய்யும் முதல் வேலை, அன்று விடுப்பில் இருப்பவர்களின் பாடவேளைகளை மற்றவர்களுக்குப் பிரித்துச் சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. நிரந்தர ஆசிரியர்கள் "எனக்கு நேற்றுத்தான் போட்டீர்கள்" என்று மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை. இவர் மறுக்கவில்லை. செப்டம்பரில் இரண்டு வாரங்களுக்கான 19 பதிவுகளில் 14 இடங்களில் இவர் கையெழுத்து இருந்ததை நான் நவம்பரில்தான் பார்த்தேன். நோட்டுத் திருத்தவும் மறுநாள் பாடத்துக்குத் தயாராகவும் இருந்த ஓய்வுப் பாடவேளைகள் எல்லாம் ஏழாம் வகுப்பை அமைதியாக உட்காரவைப்பதில் போயின. திருத்த வேண்டிய நோட்டுகள் பையோடு வீட்டுக்குப் போயின.

தொகை வந்து சேர்வதும் தாமதமானது. முதல் மூன்று மாதத்துக்கான பணம் மேலாண்மைக் குழுவின் கணக்குக்கு அக்டோபரில்தான் மொத்தமாக வந்தது. பள்ளிக்கு உடுத்த நான்கு பருத்திப் புடவைகளும் இளையவனுக்கு ஒரு ஜோடி செருப்பும் வாங்க அவர் சுய உதவிக் குழுவில் 5,000 ரூபாய் கடன் எடுத்திருந்ததும், அதற்கு அவர் மாமியார் தவணை கட்டியதும், வேறொருவர் சொல்லி எனக்குப் பிறகு தெரிந்தது. வேலைக்கு வந்த ஒருவர் அந்த வேலைக்காகவே கடனாளியானது என்னை இன்றும் உறுத்துகிறது.

காலாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பின் 31 பேரில் 12 பேர்தான் கணக்கில் 35 மதிப்பெண்ணைத் தொட்டார்கள். உடனே மாலை 4.30 முதல் 5.30 வரை தினமும் கணக்குச் சிறப்பு வகுப்பு என்று அறிவித்தேன். அங்கன்வாடி நான்கு மணிக்கு முன்பே மூடிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல, யோசிக்கவில்லை.

நவம்பர்

மழைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் இளையவனுக்குக் காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை காலை 8.40-க்கு வர இயலாது என்று செய்தி அனுப்பினார். தொடர்ந்து நான்கு நாள் வரவில்லை. பத்தாம் வகுப்புக்கு நான்கு நாளும் கணக்கு நடக்கவில்லை. அவருக்குப் பதிலாகப் போக யாருமில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் நான் கடிந்து பேசினேன். "பொதுத்தேர்வு வகுப்பு என்று தெரிந்துதானே வந்தீர்கள்?" என்பது என் வார்த்தை.

வெள்ளிக்கிழமை வந்தவர், என் அறை வாசலில் நின்றபடியே, வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். "நான் லீவு கேக்கலை சார். எனக்கு லீவே கிடையாதுன்னு தெரியும், அந்த நாலு நாள் காசும் வேண்டாம். பாடம் எடுக்கறது கஷ்டமா இல்லை. அது தவிர மத்த எல்லாத்துக்கும் என் பேருதான் வருது" என்றார். குரல் உயரவில்லை. அவர் போன பிறகு சப்ஸ்டிட்யூஷன் நோட்டை வரவழைத்து, ஜூலையிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

அதுவரை இந்த வேலை அவருக்கு வசதியானது என்று நான் நம்பியிருந்தேன். பக்கத்து வீதி, பக்கத்துச் சுவரில் அங்கன்வாடி, ஏப்ரல் வரைதான் கட்டுப்பாடு. உண்மையில் நேரத்தை வளைத்துக்கொடுத்தது பள்ளி அன்று, அவர்தான் வளைந்துகொண்டிருந்தார். வீட்டிலிருக்கும் தாய்மாருக்கு ஏற்ற வேலை என்று நாம் ஒன்றைச் சொல்லும்போது, யார் வளைகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, குழுத் தலைவியிடமும் உதவித் தலைமை ஆசிரியரிடமும் பேசினேன். ஒரு நாளைக்கு ஒரு மாற்று வகுப்புக்கு மேல் அவருக்குப் போடுவதில்லை என்பது முதலில் முடிவானது. மாலைச் சிறப்பு வகுப்பை எடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை கணக்குக்கு ஒதுக்கினோம். அன்று அவர் பிள்ளைகள் இருவரும் பள்ளி நூலக அறையில் இருக்கலாம் என்றோம். மூத்தவள் படிப்பாள், இளையவன் பழைய வண்ணப்பட அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கால அட்டவணையில் பத்தாம் வகுப்புக் கணக்கை முற்பகலுக்கு நகர்த்தி, கடைசிப் பாடவேளையை அவருக்கு ஓய்வாக வைத்தோம். அவர் வர இயலாத நாளில் பத்தாம் வகுப்பை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்றும், அதற்காக ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நாள் பயிற்சித் தாள் முன்கூட்டியே அலமாரியில் இருக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம்.

இவற்றை வாய்மொழியாகவே செய்துவிடலாம் என்பதுதான் என் முதல் எண்ணம். அதைத் தடுத்தது ஆசிரியர் அறையில் எழுந்த ஒரு பேச்சு. "நாங்களும் பிள்ளை பெத்துத்தானே வேலைக்கு வந்தோம்" என்று மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது எந்தத் தலைமை ஆசிரியரும் அட்டவணையை நகர்த்தவில்லை. ஆனால் நிரந்தர ஆசிரியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு, மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். பதிலியாக வருபவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. சலுகை என்று ஒருவருக்குத் தனியே கொடுத்தால் அது அவரையே குத்தும் என்பதால், எல்லாவற்றையும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டோம். மூத்த ஆசிரியையையும் அக்கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். தீர்மானத்தைப் படித்த பிறகு, சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தானே வந்து தமிழ் எடுப்பதாக அவர் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பாடத்தில் முடிவெடுத்தது அவர். நூறு மதிப்பெண் தாளில் வடிவியல் வரைதலும் வரைபடமும் தலா 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக முப்பது. மெல்லக் கற்கும் பிள்ளைகள் இந்த முப்பதைப் பிடித்துக்கொண்டால் பயம் போய்விடும், பயம் போனால் மீதி தானாக வரும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமைகளில் கவராயமும் அளவுகோலும் மட்டுமே கொண்டுவரச் சொன்னார். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும்போது பென்சிலைக் கூராக்காத பிள்ளைக்கு அளவு தப்பும் என்று, வகுப்பு தொடங்குமுன் எல்லோருடைய பென்சிலையும் தானே சீவிக் கொடுப்பார்.

தொடர்ந்தவை

2023 ஏப்ரலில் பொதுத்தேர்வு நடந்தது. மே 19 அன்று முடிவு வந்தது. 31 பேரில் 27 பேர் கணக்கில் தேர்ச்சி. இதை முழுவதும் அவருடைய வெற்றி என்றோ எங்கள் தீர்மானத்தின் வெற்றி என்றோ சொல்ல மாட்டேன். அரையாண்டுக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். ஆனால் நவம்பருக்குப் பிறகு ஏப்ரல் வரை அவர் வராத நாள் மூன்று மட்டுமே. அந்த மூன்று நாளும் அலமாரியில் இருந்த தாள்களைக் கொண்டு வகுப்பு நடந்தது. இதை மட்டும் தீர்மானத்தின் விளைவு என்று உறுதியாகச் சொல்லலாம்.

2023 ஜூனில் அவரையே மீண்டும் எடுத்தோம். இடையில் மே மாதத்துக்குத் தொகை இல்லை. ஆகஸ்டு 25 அன்று காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது, மூத்தவளுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்தது. அதன் பிறகு, தானாகவே முன்வந்து, 8.30 மணிக்குப் பத்தாம் வகுப்புக்கு அரை மணி நேரம் பயிற்சி தொடங்கினார். பிள்ளைகளுக்கான ஒரு திட்டம் தாய்க்கு ஒரு காலைப் பொழுதை மிச்சம் பிடித்துக் கொடுத்ததை நான் அங்கேதான் கண்ணால் கண்டேன்.

அக்டோபரில் 2,222 பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களுக்கான அறிவிப்பு வந்தது. அவரும் விண்ணப்பித்தார். டிசம்பர் இறுதியில், ஆசிரியர் மிகுதியாக உள்ள பள்ளிகளிலிருந்து இடம் மாற்றும் பணிநிரவலில் நிரந்தரக் கணித ஆசிரியர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். நிரந்தர ஆசிரியர் வந்தால் தற்காலிகப் பணி அன்றோடு முடியும் என்பதுதான் நிபந்தனை. அவருக்குக் கிடைத்த முன்னறிவிப்பு மூன்று நாள். அரையாண்டு விடைத்தாள்கள் பாதி திருத்திய நிலையில் இருந்தன. மீதியைத் திருத்திக் கட்டி, ஒவ்வொரு மாணவரும் எந்தக் கணக்கில் எந்தப் படியில் சறுக்குகிறார் என்று எழுதிய 40 பக்க நோட்டைப் புதியவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2024 பிப்ரவரி 4 அன்று நடந்த போட்டித் தேர்வை எழுதினார், இடம் கிடைக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நவம்பரில் செய்ததை ஜூலையில் செய்திருக்க வேண்டும். நேர்காணலில் பாடம் நடத்தச் சொன்ன பத்து நிமிடத்தோடு இன்னும் பத்து நிமிடம் எடுத்து, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், காய்ச்சல் நாளில் என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தால், அந்தத் தொலைபேசிப் பேச்சு நடந்திருக்காது. இக்கேள்விகளைப் பெண் விண்ணப்பதாரரிடம் கேட்டால் தடையாகத் தோன்றும் என்று அஞ்சினேன். தேர்வு செய்வதற்கு முன் கேட்பதுதான் தடை. தேர்வு செய்த பிறகு, ஏற்பாடு செய்வதற்காகக் கேட்டால் அது பொறுப்பு.

தொகை தாமதமாகும் என்று தெரிந்திருந்தும் சொல்லாதது என் தவறு. பின்னர் பட்டதாரி ஆசிரியருக்கான தொகை 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அதுவும் மூன்று மாதம் கழித்து வந்தால் வீட்டில் கடனாகத்தான் நிற்கும். பணம் வரும்வரை முன்பணம் தர ஊரில் ஒரு சிறு வைப்பை முன்னாள் மாணவர்களைக் கொண்டு ஏற்படுத்தியிருக்க முடியும். முயலவில்லை.

திண்ணை மையத்தை முழுவதும் விடச் சொன்னதும் சரியா என்று ஐயமாகவே இருக்கிறது. அவர் விட்ட பிறகு அங்கே வந்த பிள்ளைகளில் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளுக்காவது அவர் அதைத் தொடர்ந்திருந்தால், டிசம்பரில் பள்ளி வேலை போனபோது கையில் ஒன்று மிஞ்சியிருக்கும்.

2024-ஆம் கல்வியாண்டின் தொடக்கத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பதிலி தேடிய அப்பள்ளியின் தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்டார். நான் இவரைச் சொன்னேன். அப்போது நான் பணி நிறைவு பெற்றிருந்தேன். நேர்காணலுக்குப் போனவர், நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, கடைசிப் பாடவேளை எத்தனை மணிக்கு முடியும், மாற்று வகுப்பு வாரத்துக்கு எத்தனை, பணம் எந்தத் தேதியில் வரும் என்று மூன்று கேள்விகளைப் படித்தாராம். பதில்களை அந்தத் தாளிலேயே எழுதித் தலைமை ஆசிரியரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை முதல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.